தரங்கம்பாடியில் எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, எங்கே பாட்டுக் கேட்பது?

இந்த வருஷச் சுற்றுலா தரங்கம்பாடிக்கு என்று கமிட்டிக் கூட்டத்தில் கைதூக்கி முடிவானது உங்களுக்குத் தெரியும். கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தபோது செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்க மாயவரம் பிராஞ்சுல இருந்தவராச்சே. எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம், சாயந்திரம் கச்சேரி ஏதாவது கேட்க முடியுமா, ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. செய்திமடல்ல போட்டுடலாம்" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. இந்த மூன்று கேள்விகளும் அந்த ஊரில் நானூறு வருஷமாகக் கேட்கப்பட்டு வருகிறவை. வந்தவர்கள் ஒவ்வொருவரும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் திண்டாடியிருக்கிறார்கள். நானும் திண்டாடியிருக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கை நேர் செய்துவிடுகிறேன். தரங்கம்பாடி என்றால் "அலைகள் பாடும் ஊர்" என்று சுற்றுலாப் புத்தகங்களில் போட்டிருக்கும். தரங்கம் என்றால் அலை, அது சரி. பாடி என்பது பாட்டு இல்லை. வியாசர்பாடி, வாணியம்பாடி மாதிரி குடியிருப்பைக் குறிக்கிற சொல். கடற்கரையிலிருக்கும் மாசிலாமணிநாதர் கோயில் 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அங்குள்ள கல்வெட்டில் ஊருக்குச் சடங்கன்பாடி என்று பெயர். அந்தக் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலை பாடுகிறது என்று எழுதுகிறவர்கள் அந்தக் கோயில் பக்கம் நின்று ஒருமுறை பார்த்தால் வேறு வார்த்தை தேடுவார்கள்.

ஆகவே பாட்டு எங்கிருந்து வந்தது என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

நான் மாயவரத்தில் வேலை பார்த்தது எண்பதுகளின் ஆரம்பத்தில். கல்யாணமாகாத வயது, வாடகை அறை, ஹோட்டல் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை என்றால் நாங்கள் நாலைந்து பேர் தரங்கம்பாடி ரயிலில் ஏறிவிடுவோம். சின்ன லைன், மீட்டர் கேஜ், ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். 1926-ல் போட்டது, 1986-ல் நிறுத்திவிட்டார்கள். வயலுக்கு நடுவே நிதானமாகப் போகும். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார், கடைசியில் தரங்கம்பாடி. அந்த வயதில் இவை வெறும் ஸ்டேஷன் பெயர்கள். பிறகு புத்தகங்களைப் புரட்டியபோதுதான் எனக்கு உறைத்தது: தரங்கம்பாடி என்ற துறைமுகத்துக்கு வேண்டிய அரிசி, காகிதம், பாட்டு எல்லாம் இந்த வரிசையில் உள்ள ஊர்களிலிருந்துதான் போயிருக்கின்றன. மாலை வண்டியில் மீன்கூடையோடு பெண்கள் மாயவரம் பக்கம் வருவார்கள். எதிர்த்திசையில், முகூர்த்த நாட்களில், துணி உறை போட்ட நாகஸ்வரமும் தவிலும் திருக்கடையூரில் இறங்கும். வங்கிக்காரன் கண்ணுக்கு இது ஒரு பேரேடு மாதிரி. கடலிலிருந்து மீன் உள்ளே, உள்நாட்டிலிருந்து மற்றதெல்லாம் கரைக்கு.

இனி பழைய கதைக்கு வருகிறேன்.

1620-ல் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியானின் ஆளாக ஓவே கெடெ என்ற இருபத்தைந்து வயதுக்காரர் கப்பல்களோடு வந்தார். அவருக்கு முன்பே வந்த ரோலண்ட் கிராப்பே காரைக்கால் பக்கம் கப்பலைப் பறிகொடுத்து, மிஞ்சிய சிலரோடு தஞ்சாவூர் போய்ச் சேர்ந்திருந்தார். தஞ்சாவூரில் அப்போது ரகுநாத நாயக்கர் ஆட்சி. மீன்பிடி கிராமமாக இருந்த தரங்கம்பாடியில் கோட்டை கட்டவும் வியாபாரம் செய்யவும் அவர் இடம் கொடுத்தார். குத்தகை ஆண்டுக்கு 3,111 ரூபாய். டென்மார்க் அரசருக்கு நாயக்கர் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி, தெலுங்கில் கையெழுத்திட்டு அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இந்த ரகுநாத நாயக்கரை நாம் சும்மா தாண்டிப் போகக்கூடாது. இன்று கச்சேரி மேடையில் பார்க்கிறோமே, மெட்டுகள் நிலையாகப் பதித்த தஞ்சாவூர் வீணை, அந்த அமைப்பு அவர் காலத்தில் உருவானது. "ரகுநாத வீணை" என்றே அதற்குப் பெயர். சங்கீத சுதா என்ற இசை நூலும் அவர் அரசவையிலிருந்து வந்தது. அதாவது தரங்கம்பாடியைக் குத்தகைக்கு விட்டவர் ஒரு வீணைக்காரர். நில உரிமையாளருக்குச் சங்கீதம் தெரியும், குத்தகைதாரருக்கு மிளகு தெரியும்.

தங்கும் இடத்துக்கு அவர்கள் கட்டியதுதான் டான்ஸ்போர்க் கோட்டை. கடலைப் பார்த்த கட்டடம், ஒட்டகத் திமில் மாதிரி வளைந்த கூரைகள். கீழ்த்தளத்தில் சமையலறை, சரக்கறை, சிறை. மேலே கவர்னர், பெரிய வியாபாரிகள், பாதிரியார் ஆகியோரின் அறைகள், ஒரு சிறு தேவாலயம். சாப்பாடும் படுக்கையும் பிரார்த்தனையும் ஒரே கூரையின் கீழ். இன்றைய பாஷையில் ஆல் இன்குளூசிவ் பேக்கேஜ்.

ஆனால் கம்பெனியின் கணக்கு வெகு சீக்கிரம் சரிந்தது. 1640 வாக்கிலிருந்து ஏறத்தாழ முப்பது வருஷம் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராகச் செத்தும் ஓடியும் போனார்கள். கடைசியில் எஸ்கில்ட் ஆன்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற சாதாரணச் சிப்பாய்தான் டேனிஷ்காரர் என்று மிஞ்சினார். உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்தார். வங்கக் கடலில் போன கப்பல்களைப் பிடித்துச் சரக்கை விற்றுக் காலம் தள்ளினார். ஊரைச் சுற்றிச் சுவரும் எழுப்பினார். 1669-ல் டென்மார்க் கப்பல் வந்தபோது கொடி பறந்துகொண்டிருந்தது. தலைமை அலுவலகம் கிளையை மறந்துவிட்டது, கிளையில் மட்டும் ஒருவர் தினமும் ஷட்டரைத் திறந்திருக்கிறார். எங்கள் காலத்தில் மலைக்கிராமக் கிளைகளில் இருந்தவர்களுக்கு இது ஓரளவு புரியும்.

அடுத்து வந்தவருக்குத் தங்க இடமே கிடைக்கவில்லை. 1706 ஜூலை 9-ஆம் தேதி பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிச் புளுட்சாவும் கரை இறங்கினார்கள். இருவரும் ஜெர்மானியர், அனுப்பியவர் டென்மார்க் அரசர். அரசர் கடிதம் கையில் இருந்தும் உள்ளூர் கவர்னர் ஹாசியஸ் அவர்களை மதிக்கவில்லை. தெருவில் நிற்க வைத்துவிட்டார். கடைசியில் மனமிரங்கிய ஒருவரின் உதவியால்தான் தலைசாய்க்க இடம் கிடைத்தது. பிறகு 1708-ல் அதே கவர்னர் சீகன்பால்கைக் கோட்டைக்குள் தங்கவைத்தார், நாலு மாதம், கைதியாக.

அந்த மனிதர் தமிழ் படித்த விதம் நமக்குத் தெரிந்ததுதான். திண்ணைப் பள்ளி வாத்தியாரை அழைத்துவந்து, குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக் கற்றார். 1712-ல் அச்சு இயந்திரம் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகள் வந்து தமிழில் புத்தகம் அச்சாகத் தொடங்கியது. காகிதத்துக்குப் பொறையாரில் ஆலை வைத்தார்கள். அந்தப் பக்கத்துக்கு இன்றும் கடுதாசிப் பட்டறை என்று பெயர். 1718-ல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் ராஜா தெருவில் இருக்கிறது. மறு வருஷமே முப்பத்தாறு வயதில் காலமாகி அதற்குள்ளேயே அடக்கமானார். அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அவசியம் பாருங்கள்.

இங்கேதான் பாட்டு விஷயம் சுவையாகிறது. அந்த ஆலயத்தில் பாடியவை ஜெர்மன் ஞானப்பாட்டுகள். சொல் தமிழ், மெட்டு ஜெர்மன். ஜெர்மன் பாட்டில் அசை எங்கே விழுகிறதோ அங்கே தமிழை மடக்கி உட்கார வைத்தார்கள். குறில் நெடிலாகும், நெடில் குறிலாகும். லுத்தரன் சபை நண்பர் ஒருவர் எனக்கு ஒருமுறை பாடிக் காட்டினார். முதலில் சிரிப்பு வந்தது. இரண்டாவது தடவை கேட்டபோது கம்பீரமாக இருந்தது. பழகிய காது வேறு, பழகாத காது வேறு.

இதே காலத்தில், நடந்து போகிற தூரத்தில் தில்லையாடியில் 1711-ல் ஒரு குழந்தை பிறந்தது. அருணாசலக் கவிராயர். தருமபுரம் மடத்தில் படித்து, காரைக்காலில் கடை வைத்துப் பிழைத்து, பின்னாளில் சீர்காழியில் குடியேறியவர். இராமாயணம் முழுவதையும் கீர்த்தனைகளாக இராம நாடகம் என்று பாடினார். சட்டநாதபுரத்தைச் சேர்ந்த அவருடைய சீடர்கள் இருவர் மெட்டமைக்க, ஸ்ரீரங்கத்தில் அரங்கேறியது. நம் குடியிருப்பில் நவராத்திரிக்குப் பாடுகிற மாமிகளுக்கு அவர் பாட்டில் ஒன்றாவது தெரியாமல் இருக்காது. ராகம் மட்டும் இப்போது பலவற்றுக்கு மாறிவிட்டது. ஒரு தெருவில் ஜெர்மன் மெட்டில் தமிழ், நாலு மைல் உள்ளே போனால் தமிழ்நாட்டு மெட்டில் இராமகதை. இவர்கள் அவர்களைக் கேட்டார்களா, அவர்கள் இவர்களைக் கேட்டார்களா என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

ஒருவர் கேட்டார் என்று தைரியமாகச் சொல்லலாம். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். ஸ்வார்ட்ஸ் பாதிரியார் சிறுவயதிலேயே தஞ்சாவூருக்கு அழைத்து வந்து இரண்டாம் சரபோஜியோடு வளர்த்தார். மேற்படிப்புக்குத் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்டார். ஜெர்மன் மெட்டுகளை அங்கே காது நிறையக் கேட்டவர், பிறகு பெத்லகேம் குறவஞ்சி என்று குறவஞ்சி நடையில் பாடினார். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் கீர்த்தனை நிலைத்ததற்கு அவர் பெரிய காரணம்.

இன்னொரு வேதநாயகமும் இந்த ஊருக்கு வந்திருக்கிறார். இரண்டு பேரையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு, ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். 1845-ல் டென்மார்க் தன் இந்தியக் குடியேற்றங்களான தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றது. வாங்கியவர்கள் உடனே ஊரைக் கைவிடவில்லை. தஞ்சாவூர் ஜில்லாவின் கலெக்டர் அலுவலகம் 1860 வரை இங்கேதான் இருந்தது. அதனால்தான் கடலைப் பார்த்துக் கலெக்டர் பங்களா வந்தது, முன்சீப் கோர்ட்டும் இருந்தது. 1857-ல் அந்த கோர்ட்டுக்கு முன்சீப்பாக வந்தவர் வேதநாயகம் பிள்ளை. பிறகு மாயூரத்தில் நெடுங்காலம் முன்சீப்பாக இருந்ததால் மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்றே பெயர். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதியவர் இவர்தான். கிறிஸ்தவராக இருந்தும் எந்த மதத்தாரும் பாடலாம் என்று சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் எழுதினார். பொதுவான கடவுள், நம் ராகங்கள். பஞ்ச காலத்தில் தன் பணத்தைப் போட்டுக் கஞ்சி ஊற்றினார். அதைப் பார்த்து நந்தன் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரே அவரைப் பாராட்டிப் பாடினார். ஒரு முன்சீப்பின் சாப்பாட்டுக் கணக்கு சங்கீதமாக வரவு வைக்கப்பட்ட இடம், எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான்.

அதன் பிறகு ஊர் இறங்குமுகம். 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓட ஆரம்பித்ததும் கப்பல்களும் சரக்கும் நாகைக்குத் திரும்பிவிட்டன. கலெக்டர் தஞ்சாவூர் போய்விட்டார். தரங்கம்பாடிக்கு ரயில் வந்தபோது வருஷம் 1926. அறுபத்தைந்து வருஷம் தாமதம். அப்போது ஏற்ற ஒன்றும் பாக்கி இல்லை, மீன்கூடையைத் தவிர.

கோட்டை என்ன ஆயிற்று? தங்குமிடமாகவே தொடர்ந்தது. முகாம் போகிற சர்க்கார் அதிகாரிகளுக்கு டிராவலர்ஸ் பங்களா. கவர்னர் படுத்த அறையில் சுதந்திரத்துக்குப் பிறகும் நம் அதிகாரிகள் கட்டில் போட்டுத் தூங்கியிருக்கிறார்கள். 1970-களின் கடைசியில் மாநிலத் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டு அருங்காட்சியகமாக்கியது. எனக்கு முன் மாயவரத்தில் இருந்த ஒரு மேனேஜர் அங்கே ஒரு ராத்திரி தங்கியதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கொசுவையும் சேர்த்துத்தான் சொல்வார்.

இனி 2004 டிசம்பர் 26. அன்று தரங்கம்பாடிக் கரையில் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள், அதிகமும் மீனவக் குடும்பத்தவர். கோட்டை நின்றது, குப்பம் நிற்கவில்லை. மறு மாதம் நிவாரணத் தொகைக்கு வங்கிக் கணக்குத் தொடங்கும் முகாமுக்கு எங்கள் வட்டாரத்திலிருந்து சிலரை அனுப்பினார்கள். நானும் போனேன். மடக்கு மேசை, படிவக் கட்டு, மை தடவும் பெட்டி. ஒரு அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். பெயர், தகப்பனார் பெயர் எல்லாம் சொல்லிவிட்டார். முகவரி என்று கேட்டேன். "எதச் சொல்ல சார்? வீடு இருந்த இடத்தச் சொல்லவா, கொட்டகையச் சொல்லவா, தரேன்னு சொல்ற எடத்தச் சொல்லவா?" என்றார். இருபத்து மூன்று வருஷ சர்வீஸில் அந்தக் கட்டத்தை நான் காலியாக விட்டது அன்றுதான். மேலதிகாரி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

பிறகு பல குடும்பங்களுக்குக் கடலைவிட்டுத் தள்ளிப் புது வீடுகள் வந்தன. படகும் வலையும் கரையில், வீடு உள்ளே. அதே கரையில் கலெக்டர் பங்களா புதுப்பிக்கப்பட்டு, பங்களா ஆன் த பீச் என்று பாரம்பரிய ஹோட்டலாகிவிட்டது. நீம்ராணா குழுமம் நடத்துகிறது. நன்றாகவே புதுப்பித்திருக்கிறார்கள், அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பழைய கட்டடம் இடியாமல் இருக்க யாராவது அதில் குடியிருந்தாக வேண்டும். கவர்னர் பங்களாவையும் டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் உதவியோடு சீர்படுத்தினார்கள். ஆனால் கூட்டத்தில் ஒரு அன்பர், "கடல் ஓரம் ரூம் கிடைக்கலேன்னா நான் வரலை" என்று சொன்னபோது எனக்கு அந்தக் காலிக் கட்டம் ஞாபகம் வந்தது. கூட்டத்தில் சொல்லவில்லை, இங்கே சொல்லிவிட்டேன்.

சரி, செயலாளர் கேட்டதற்கு வருகிறேன்.

தங்குவது: நம்மில் நாற்பது பேர் என்றால் தரங்கம்பாடிக்குள் அவ்வளவு அறைகள் கைக்கு அடங்குகிற வாடகையில் கிடைப்பது கஷ்டம். திருக்கடையூரில் தங்குவோம். பத்து கிலோமீட்டருக்குள்தான். அறுபதாம் கல்யாணம், பீமரத சாந்தி, சதாபிஷேகம் என்று வருஷம் முழுக்கத் தம்பதிகள் வருகிற ஊர், ஆகவே லாட்ஜுகளுக்குக் குறைவில்லை. என் சஷ்டியப்தபூர்த்தியும் அங்கேதான் நடந்தது. அப்போது முன்பணம் கொடுத்து வைத்த மூன்று அறைகளில் இரண்டை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பெயர் வேண்டாம். மாப்பிள்ளைகள் வேனில் தூங்கினார்கள். ரசீது வாங்காமல் பணம் கொடுத்தது முப்பத்தைந்து வருஷம் வங்கியில் இருந்த நான் செய்த தப்பு. இந்த முறை ரசீது வாங்கிப் பொருளாளரிடம் கொடுத்துவிடுங்கள். முகூர்த்த நாளைத் தவிர்த்துவிட்டால் அறை எளிதாகக் கிடைக்கும், ஆனால் அப்போது நாகஸ்வரம் குறைந்துவிடும். எது வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்யட்டும். என் ஓட்டு முகூர்த்த நாளுக்கு.

சாப்பிடுவது: காலையும் மதியமும் திருக்கடையூரிலேயே இலைச் சாப்பாடு சொல்லிவிடலாம். மீன் சாப்பிடுகிறவர்கள் பொறையாரில் நிறுத்தச் சொல்லுங்கள். மாயவரத்தில் இருந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த வழக்கம், தரங்கம்பாடியைச் சுற்றிப் பார்ப்பது, பொறையாரில் பசியாறுவது. டேனிஷ்காரர்கள் காலத்திலும் பொறையாரும் தில்லையாடியும் அவர்கள் வசமிருந்த கிராமங்கள். நெல் விளைந்தது அங்கேதான். கோட்டை மதிலுக்குள் நெல் விளையாது. ஹோட்டலுக்குள் உட்கார்ந்து டீ குடிக்க ஆசைப்படுகிறவர்கள் தனியாகப் போய்க்கொள்ளலாம், சங்கக் கணக்கில் வேண்டாம்.

பாட்டுக் கேட்பது: தரங்கம்பாடியில் சாயந்திரக் கச்சேரி என்று எதிர்பார்க்காதீர்கள். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் எருசலேம் ஆலயத்து வாசலில் நின்றால் பாட்டுக் காதில் விழும். உள்ளே போனாலும் யாரும் தடுக்கமாட்டார்கள், செல்போனை மட்டும் அணைத்துவிடுங்கள். மற்றபடி சங்கீதம் திருக்கடையூர்க் கோயிலில். முகூர்த்த நாளில் பிராகாரத்தில் ஒரே நேரத்தில் நாலைந்து மேளம் வாசிக்கும். ஒன்றன்மேல் ஒன்று விழும், இரைச்சல் என்று காதைப் பொத்திக்கொள்வீர்கள். அவசரப்படாமல் காலச்சந்தி முடிந்து கூட்டம் கலைகிற வரை உட்காருங்கள். அந்த வட்டாரம் செம்பனார்கோயில் ராமசாமிப் பிள்ளை பரம்பரையின் மண். ரக்தி மேளம் என்று ஒரு வாசிப்பு, லயக் கணக்கு நிறைந்தது, அந்தப் பரம்பரையின் தனிச் சொத்து. ராமசாமிப் பிள்ளைக்குப் பிறகு அவர் மக்கள், பேரர்களான சம்பந்தம், ராஜண்ணா சகோதரர்கள் என்று தொடர்ந்தது.

எங்கள் கிளையில் கடைநிலை ஊழியராக இருந்தவரின் அண்ணன் அந்தப் பக்கத்துத் தவில்காரர். ரயில் இருந்தவரை காலையில் வாசித்துவிட்டு மதிய வண்டியில் தவிலை மடியில் வைத்துக்கொண்டு திரும்புவார். ரயில் நின்ற பிறகு பஸ். "ரயில்ல தவுலுக்கு ஒரு சீட்டு கிடைக்கும், பஸ்ஸுல எனக்கே கிடைக்க மாட்டேங்குது" என்பார். டிக்கியில் போட்டால் தோல் வீணாகிவிடும் என்று நின்றுகொண்டே தோளில் மாட்டிக்கொண்டு வருவார். பிறகு தூரத்து முகூர்த்தங்களைக் குறைத்துக்கொண்டார். என் அறுபதாம் கல்யாணத்துக்கு அவர் பிள்ளை வந்து வாசித்தான். பகலில் மோட்டார் மெக்கானிக், முகூர்த்த நாளில் தவில். பணம் கொடுத்தபோது, "அப்பா காலத்துல சாருங்கள்லாம் ரயில்லயே சொல்லி வெப்பீங்களாம்" என்றான்.

அவன் செல்போன் எண் என்னிடம் இருக்கிறது. ஒரு நாகஸ்வரம், ஒரு தவில், ஒத்து, தாளம் வைத்து சாயந்திரம் ஒரு மணி நேரம் நமக்கென்று தனியாக வாசிக்கச் சொல்லலாம். லாட்ஜ் மொட்டை மாடி போதும், மைக் வேண்டாம். அருணாசலக் கவிராயர் பாட்டு ஒன்றும் வேதநாயகம் பிள்ளை பாட்டு ஒன்றும் கேட்டு வாங்குவோம். சன்மானத்துக்குத் தலைக்கு நூற்றைம்பது ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். போக்குவரத்துக்கு நம் வேனையே அனுப்பலாம், தவிலுக்கு ஒரு சீட்டு விட்டு. மயிலாடுதுறை வரை ரயில், அங்கிருந்து வேன். வருகிறவர்கள் மாதக் கடைசிக்குள் பெயரைச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். முன்பணம் கட்டுகிறவர்கள் என்னைப்போல் இல்லாமல் ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.